நடுவில் நின்றவர்

டாக்டர் குணசீலனுக்குக் குழப்பம் என்ற ஒன்று வந்ததே ஐம்பது வயது தாண்டிய பிறகுதான். அதுவரை அவர் அறுவை சிகிச்சை நிபுணர். கட்டி இருக்கும், வெட்டுவார், தையல் போடுவார், கை கழுவுவார். வெளியே காத்திருக்கும் உறவினர்களிடம் சொல்ல அவரிடம் இரண்டே வாக்கியங்கள் இருந்தன. ஒன்று, 'பிழைச்சிட்டார்.' இன்னொன்று, 'தவறிட்டார்.' அவருடைய பிழைப்பு அந்த இரண்டிலேயே நன்றாக ஓடியது.

பிறகு கை லேசாக நடுங்கத் தொடங்கியது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அதே மருத்துவமனையின் புற்றுநோய் மருந்து ஆய்வுப் பிரிவில் மாணவராகப் போய்ச் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த குரு டாக்டர் மெஹருன்னிசா. குணசீலனைவிடப் பதினைந்து வயது இளையவர்.

சீடர் குருவை 'மேடம்' என்பார். குரு சீடரை 'சார்' என்பார். யார் யாருக்குச் சொல்லித்தருகிறார்கள் என்று பார்க்கிறவர்களுக்குப் புரியாது. குணசீலனுக்கே பல நாள் புரியவில்லை. ஏனென்றால் மெஹருன்னிசா எதையும் சொல்லித்தரமாட்டார். கேள்வி கேட்டால் ஏதாவது ஒரு வேலை கொடுத்து அனுப்பிவிடுவார்.

அந்த வாரம் ராஜகனியம்மாள் வந்தார். குடலில் தொடங்கிக் கல்லீரல்வரை போய்விட்ட புற்று. புதிய மாத்திரையை அன்றுதான் தொடங்கியிருந்தார்கள். கூட வந்திருந்தவன் மகன் செல்வின். குவைத்தில் கிரேன் ஓட்டுகிறவன், தாய்க்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டு ஓடி வந்தவன்.

மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ராஜகனி கேட்டார்.

"ஐயா, சுத்தி வளைக்காம சொல்லணும். எனக்கு எத்தன மாசம்?"

"எதுக்கும்மா இப்ப அதெல்லாம்?"

"இவன் வெள்ளிக்கிழம பிளேன் ஏறணும். ஏறிட்டான்னா ரெண்டு வருசத்துக்கு வர முடியாது. ஏறலன்னா வேல போயிரும். நீங்க ஒரு கணக்கு சொன்னியன்னா, அதப் பாத்து இவன் போவணுமா நிக்கணுமான்னு முடிவு பண்ணிக்கிடுவோம்."

செல்வின் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கணக்கு குணசீலனிடம் இருந்தது. அவரே போட்ட கணக்கு. பதினொரு மாதம். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் பையன் நின்றுவிடுவான். நின்று, வேலை போய், இந்த அம்மாள் மூன்று வருடம் நன்றாக இருந்துவிட்டால்? சொல்லாமல் அனுப்பி, அடுத்த மாதமே ஏதாவது ஆகிவிட்டால்? நாக்கு நுனியிலிருந்து அந்த எண் வந்த வழியே திரும்பிப் போனது.

"நாளைக்குச் சொல்றேன்மா."

"நாளைக்குள்ள மாறிருமா என்ன?" என்றார் ராஜகனி.

குணசீலன் நேரே குருவின் அறைக்குப் போனார்.

மெஹருன்னிசா வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு நேரம் கிடைக்காத நாட்களில் அதுதான் அவருக்குச் சாப்பாடு.

"மேடம், எத்தனை மாசம்னு நோயாளி கேட்டா என்ன சொல்றது?"

"உங்ககிட்ட என்ன இருக்கு?"

"பதினொண்ணு."

"அது எங்கேர்ந்து வந்துச்சு?"

இவ்வளவு பெரிய டாக்டருக்கு இது தெரியாதா என்று குணசீலனுக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் சொன்னார். இந்த மாத்திரை எடுத்துக்கொண்டவர்களை வரிசையாக நிறுத்துகிறோம். சீக்கிரம் இறந்தவர் முன்னால், நெடுநாள் இருக்கிறவர் பின்னால். சரியாக நடுவில் நிற்கிறவர் எத்தனை மாதம் இருந்தாரோ, அதுதான் பதினொன்று.

"நடுவுல நிக்கிறவர் யாரு?"

"பேர் பாக்கலை மேடம்."

"பாத்து, அவர்கிட்டயே கேட்டுட்டு வாங்க."

"செத்துப்போனவர்கிட்டயா?"

"வீட்டுல யாராவது இருப்பாங்கல்ல. கடைசியில எப்படி இருந்தார்னு கேளுங்க. அந்தம்மா கையில ஒரு ஆளைத் தூக்கிக் குடுக்கப் போறீங்க. யாருன்னு தெரிஞ்சுக்க வேணாமா?" என்றுவிட்டு அடுத்த கடலையை உடைத்தார்.

குணசீலனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. முணுமுணுத்துக்கொண்டே தன் மேஜைக்கு வந்து தேடினார். நடுவில் நின்றவர் பெயர் உச்சிமாகாளி. ஆலங்குளம் பக்கம் ஒரு ஊர். இவர் இறந்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதே குணசீலன்தான். ஃபிலோமினா சிஸ்டர் வாசலில் நின்று சொன்னது அவருக்கு நினைவிருந்தது. 'சார், உச்சிமாகாளி தவறிட்டாரு.' ஒரு நிமிடம் வருத்தப்பட்டுவிட்டு உடனே ஏற்றியிருந்தார்.

தொண்டையைச் செருமிக்கொண்டு போன் செய்தார். முப்பது வருடம் பழகிய துக்கக்குரல் தானாகவே வந்தது. எதிர்முனையில் ஆண்குரல். தம்பியாகவோ மகனாகவோ இருக்கும்.

"ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் பேசறேன். உச்சிமாகாளி தவறிட்டாருன்னு சிஸ்டர் சொன்னாங்க..."

"சிஸ்டர் சொன்னது நெசந்தான்யா. தவறத்தான் செஞ்சுட்டு."

"ரொம்ப வருத்தமா இருக்குங்க."

"எனக்கும் சங்கடந்தான். என்ன செய்ய, கோயில் கொடத் திருவிழா வந்துட்டுல்லா. ஆடு பாக்க அலஞ்சதுல போன மாசம் வரவே முடியல."

குணசீலன் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வைத்தார்.

"நீங்க யார் பேசறது?"

"உச்சிமாகாளிதான்யா. மன்னிச்சுக்கிடுங்க. அடுத்த தவண சத்தியமா தவறமாட்டேன்."

"மாத்திரை... மாத்திரை எடுக்கறீங்களா?"

"அத விடுவனா? உள்ளூர் ஆஸ்பத்திரியில ரத்தமும் பாத்துட்டேன். எல்லாம் சரியாத்தான் இருக்காம். ஏன்யா, குரல் ஒரு மாதிரி இருக்கு? ஒங்களுக்கு உடம்பு சொகந்தானா?"

சுகம்தான் என்று சொல்லிப் போனை வைத்தார் குணசீலன். வெட்கம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். உயிரோடு இருக்கிற ஆளைக் கொன்றுவிட்டோமே என்று நினைப்பதா, செத்தவன் பேசிவிட்டானே என்று சிரிப்பதா?

ஃபிலோமினா சிஸ்டரைக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், தவறிட்டாருன்னா என்ன அர்த்தம்?"

"தவணைக்கு வரலைன்னு அர்த்தம் சார். இங்க எல்லாரும் அப்படித்தானே சொல்லுவோம்?"

"செத்துட்டா என்ன சொல்லுவீங்க?"

"செத்துட்டார்னு சொல்லுவோம். அதுல என்ன சார் சந்தேகம்?"

சந்தேகமே இல்லை. சந்தேகமே படாததுதான் வம்பு. பதிவேட்டில் தப்பாகப் போட்டதை அடித்து, ஏன் அடித்தோம் என்று எழுதி, கையெழுத்தும் போட்டார். கம்ப்யூட்டரிலும் உச்சிமாகாளியை இறந்தவர்களிலிருந்து விடுவித்து இருப்பவர்களோடு சேர்த்தார். அது சின்ன ஆய்வு. ஒரு ஆள் நகர்ந்தாலே வரிசை அசைந்துவிடும். உச்சிமாகாளி பின்னால் போனதும் நடுவுக்கு வேறொருவர் வந்தார். புதிய எண் பதினான்கு.

குணசீலன் ஏறக்குறைய ஓடினார்.

"மேடம்! உச்சிமாகாளி உயிரோட இருக்கார்!"

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் மெஹருன்னிசா. "தப்பைத் திருத்திட்டீங்களா?"

"திருத்திட்டேன். இப்ப பதினாலு வருது. ராஜகனியம்மாவுக்கு மூணு மாசம் கூடிடுச்சு!"

மெஹருன்னிசா கையிலிருந்த தோலைக் குப்பைக்கூடையில் போட்டார்.

"உச்சிமாகாளி போன் எடுத்ததாலயா?"

"ஆமா."

"எடுக்காம இருந்திருந்தா?"

"பதினொண்ணாவே இருந்திருக்கும்."

"அவர் போன் எடுத்த நேரத்துல ராஜகனியம்மா என்ன பண்ணிட்டிருந்தாங்க?"

"வார்டுல... சாப்பிட்டுட்டு இருந்திருப்பாங்க."

"அவங்க உடம்புல என்ன மாறிச்சு?"

"ஒண்ணும் மாறலை."

"அப்ப எந்த மூணு மாசம் சார் கூடிச்சு?"

குணசீலனுக்குக் காலையில் இருந்த குழப்பமாவது ஒரு எண்ணைச் சொல்லலாமா வேண்டாமா என்ற அளவில் இருந்தது. இப்போது எண்ணே கையிலிருந்து நழுவிவிட்டது. அறுவை சிகிச்சை அறையில் ஒருநாளும் அவரை யாரும் இப்படி நிற்க வைத்ததில்லை. இந்தப் பிரிவுக்கு வந்திருக்கவே கூடாது என்றுகூடத் தோன்றியது.

"அப்ப இந்தக் கணக்கெல்லாம் எதுக்கு மேடம்? பொய்யா?"

"பொய்யா இருந்தா இந்த மாத்திரையை அவங்களுக்குக் குடுத்திருக்கமாட்டேனே. பழைய மருந்தைவிட இது நல்லதுன்னு அந்தக் கணக்குதான் சொல்லிச்சு."

"அப்ப அவங்ககிட்ட அதைச் சொல்லலாம்ல?"

"நாளைக்குச் சொல்றேன்னு சொன்னது நீங்க. நாளைக்கு நானும் வந்து உக்காந்துக்கறேன்."

மறுநாள் காலை ராஜகனியும் செல்வினும் வந்தார்கள். மெஹருன்னிசா மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"சொல்லுங்கய்யா" என்றார் ராஜகனி.

குணசீலன் ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எதுவும் துணைக்கு வரவில்லை.

"இந்த மாத்திரை எடுத்தவங்கள்ல பாதிப் பேர் ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல வரைக்கும் இருந்தாங்கம்மா. மீதிப் பாதி அதையும் தாண்டி இருக்காங்க. சில பேர் ரொம்ப நாளா இருக்காங்க. சில பேர் சீக்கிரமே போயிட்டாங்க."

"நான் எந்தப் பாதி?"

குணசீலன் குருவைப் பார்த்தார். குரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலைம்மா."

"தெரியலன்னு சொல்லவா நேத்துப் போவச் சொன்னிய?" ராஜகனியின் குரல் உயர்ந்தது. "ஒரு ராத்திரி பூரா கண்ணடைக்காம கெடந்தேனே!"

"ரெண்டு மாசம் போனதும் ஸ்கேன் எடுப்போம். மருந்து கேக்குதான்னு அப்ப தெரியும். இன்னிக்கு நிஜமாவே தெரியலைம்மா."

"சும்மா ஒரு நம்பர் சொல்லப்படாதா? சின்ன நம்பரா ஒண்ணு?"

"சின்ன நம்பர் எதுக்கு?"

ராஜகனி முந்தானையைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். கடைசியில் மகன் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"நீங்க சொல்லிட்டியன்னா இவன் தானா நின்னுருவான். நான் வாயத் தொறந்து கேக்க வேண்டியதில்லல்லா."

செல்வின் முதன்முறையாகச் செருப்பிலிருந்து பார்வையை எடுத்தான்.

"நீ போ போன்னுதானம்மா சொல்லிக்கிட்டிருந்த."

"பின்ன என்னலே சொல்லுவேன்? சீக்காளி கூப்பிட்டு வச்சு மவன் வேலயக் கெடுத்துட்டாள்னு பேசுவாவ ஊர்ல."

"நீ கூப்பிடவே இல்லியே."

"இப்பக் கூப்பிடுதேன்." ராஜகனிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அந்த ஸ்கேன் எடுக்குத வரைக்குமாவது இருந்துட்டுப் போலே."

செல்வினும் அழுதான். அழுதுகொண்டே போனை எடுத்தான். "மேனேஜர்கிட்ட லீவு கேட்டுப் பாக்கேன். குடுத்தாச் சரி. குடுக்கலன்னாலும் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். ராஜகனி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி, "ஒண்ணுந் தெரியாத டாக்டரு" என்று குணசீலனை வைதார். வைததுபோலவும் இருந்தது, கொஞ்சினதுபோலவும் இருந்தது.

நாம் இன்றைக்குச் செய்தது வைத்தியமா என்றே குணசீலனுக்குச் சொல்லத் தெரியவில்லை. மெஹருன்னிசா ஸ்டூலை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சார்."

"உச்சிமாகாளி உயிரோட இருக்கார்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே?"

"தெரியாதே."

"தெரியாமலா அவர் வீட்டுக்குப் போன் பண்ணச் சொன்னீங்க?"

மெஹருன்னிசா நின்று அவரைப் பார்த்தார். அந்தக் கேள்வி நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை போலிருந்தது.

"தெரிஞ்சிருந்தா எதுக்கு சார் கேக்கச் சொல்லப்போறேன்?"