வழக்கப்படி வெறுங்கால்

பேராசிரியர் அறவாழிக்கு எல்லாம் தெரியும். தெரியாது என்று சொல்ல மட்டும் தெரியாது. தெற்கு ஸ்பெயினுக்கு மாணவர்களைச் சுற்றுலா கூட்டிப்போனவர், "இந்த ஊர் வழக்கத்தை மீறினா சான்றிதழ் கிடையாது!" என்று பஸ் ஏறும்போதெல்லாம் மிரட்டினார்.

பழைய தேவாலயம் ஒன்று வந்தது. கோயிலுக்குப் போன பழக்கத்தில் அறவாழி வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டு நுழைந்துவிட்டார். உள்ளே பார்த்தால் எல்லார் காலிலும் ஷூ! கடைசியாக வந்த மாணவி செண்பகவல்லி களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"என்ன சிரிப்பு? வெறுங்காலோட வந்து வெறுங்காலோட போறதுதான் இந்த ஊர்ல வாத்தியார்களுக்கு வழக்கம். எழுதிக்கோ!"

எழுதிக்கொண்டாள்.

வெளியேறும் வழியோ மறுபக்கம். உச்சி வெயிலில் கல்தளம் தோசைக்கல்லாய்க் காய்ந்தது. அறவாழி கால் மாற்றிக் கால் குதித்தார்.

"செண்பகம், ஓடிப்போய் என் ஷூவை எடுத்துட்டு வாம்மா!"

அவள் நோட்டைப் பிரித்தாள். "எப்படி சார்? வெறுங்காலோட போறதுதானே வழக்கம்? மீறினா சான்றிதழ் போயிடுமே!"

"ஐயோ, வழக்கமாவது ஒண்ணாவது! மறந்து கழட்டிட்டேன்மா!"

"இதையும் எழுதிக்கவா சார்?" என்றபடி செண்பகவல்லி தோள்பையைத் திறந்தாள். உள்ளே நுழையும்போதே வாசலில் கிடந்த ஷூவை அவள் எடுத்து வைத்திருந்தாள்.