எல்லாருக்கும் சரி

ஒரு விடுகதை. ஒருவனிடம் இருப்பது எட்டுப் படி அரிசி. கேட்டவர்களுக்கெல்லாம் "சரி, தருகிறேன்" என்று பதினைந்து படிக்கு வாக்குக் கொடுத்துவிட்டான். ஆனாலும் பல வருடம் அவன் பொய்யன் ஆகவில்லை. எப்படி?

கணினி அறையில் அருளப்பன் சார் இதைக் கேட்டபோது, பூங்கோதை விடை சொல்லும் நிலையில் இல்லை. போட்டிப் பயிற்சிக்காக ஒரு மணி நேரம் வரைந்த படம் திரையிலிருந்து மறைந்துபோயிருந்தது. வரையும் செயலியைக் கணினியே மூடிவிட்டது.

"நினைவகத்துல இடம் இல்லையாம் சார். அப்புறம் எதுக்கு முதல்ல திறக்க விட்டுச்சு?"

"கணினியை நடத்துற இயக்க அமைப்போட பழக்கம் அது. எந்தச் செயலி இடம் கேட்டாலும் சரின்னு சொல்லிடும். கேட்ட இடம் முழுசையும் யாரும் நிரப்ப மாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கை. அரிசிக்காரனும் அப்படித்தான். எல்லாரும் ஒரே நாள்ல வரலை."

"வந்துட்டா?"

"கணினி ஒரு செயலியை நிறுத்திட்டு மத்ததைக் காப்பாத்தும்."

"நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

"தப்பைப் பார்க்காது. எதை நிறுத்தினா நிறைய இடம் கிடைக்கும்னு பார்க்கும். உன் படம்தான் பெருசு."

"மனசே இல்லாத மிஷின்" என்றாள் பூங்கோதை.

சார் செயலியை மறுபடி திறந்து கொடுத்தார்.

மறுநாள் காலை, மாவட்டக் கணினிப் போட்டிக்குப் போக வேன் வந்தது. ஓட்டுநரும் சாரும் போக எட்டு இருக்கை. சார் சரி சொல்லியிருந்ததோ ஒன்பது பிள்ளைகளுக்கு. வருடா வருடம் காய்ச்சல், காதுகுத்து என்று மூன்று பேராவது நின்றுவிடுவார்கள். இந்த வருடம் ஒருவரும் நிற்கவில்லை.

சலோமிதான் முதலில் வந்தவள். இரண்டு இருக்கைகளை மடக்கிவிட்டு, அவள் உட்கார்ந்தபடியே அவளுடைய மடங்காத சக்கர நாற்காலியை நிறுத்தியிருந்தார்கள்.

"என் தேரும் போட்டிக்குப் பேர் குடுத்திருக்கு சார்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

இன்னும் ஆறு பேர் ஏறியதும் வேன் நிறைந்துவிட்டது. பூங்கோதையும் மாதேஷும் கீழே நின்றார்கள். அடுத்த பேருந்து பத்தரைக்கு. போட்டி ஒன்பதுக்கே தொடங்கிவிடும்.

"மடியில உட்கார்ந்துக்கறோம்ணே" என்றான் மாதேஷ்.

"போன மாசம்தான் அதுக்கு என்னைப் பிடிச்சாங்க. எட்டுக்கு மேல வண்டி நகராது" என்றார் ஓட்டுநர்.

பூங்கோதை சாரைப் பார்த்தாள்.

"தெரிஞ்சே எப்படி சார் ஒன்பது பேருக்குச் சரின்னு சொன்னீங்க?"

"இத்தனை வருஷமா ஒத்து வந்துச்சும்மா."

"இப்ப யார் நிக்கறது?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொள்ள நேரமாயிற்று.

"நீங்க ரெண்டு பேர் நிக்கணும். இல்லைன்னா உள்ளேயிருந்து ஒருத்தர் இறங்கினாப் போதும். நான் வாக்குத் தப்பினவன், நான் சொல்லக்கூடாது. மிஷினுக்கு மனசில்லைன்னு நேத்துச் சொன்னியே. நீ சொல்லு."

மாதேஷ் செருப்பால் மண்ணைக் கிளறினான். வேனுக்குள் சிரிப்பு நின்றிருந்தது.

பூங்கோதை விரல்விட்டு எண்ணினாள். இன்னொரு முறை எண்ணினாள். பிறகு சக்கர நாற்காலியைக் காட்டினாள்.