மிளா கேட்ட கேள்வி

அந்தக் காலத்தில் காட்டில் யாரும் ஊமை கிடையாது. யானையிலிருந்து எறும்பு வரைக்கும் எல்லாருக்கும் வாய் இருந்தது, வாய் நிறையப் பேச்சும் இருந்தது. நண்டு ஒன்றுதான் பேசாது. நண்டை ஏன் இங்கே இழுக்கிறேன் என்று கேட்காதீர்கள், அது வரவேண்டிய இடத்தில் தானாக வரும்.

எல்லாரும் பேசுகிற காட்டில் ஒருவரை ஒருவர் எப்படி அடித்துத் தின்பது? அதற்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். இரண்டு பேர் ஒரு வார்த்தை பேசிக்கொண்டுவிட்டால், அன்று பொழுது அடையும் வரைக்கும் ஒருவர்மேல் ஒருவர் கை வைக்கக் கூடாது. ஒருவர் மட்டும் பேசினால் கணக்கில் வராது. கேட்டதற்குப் பதில் வரவேண்டும். பதில் வந்துவிட்டால் புலியும் ஆடும்கூட ஒரே பாறையில் உட்கார்ந்து வெயில் காயலாம். அதனால்தான் புலி அப்போதே உம்மென்று திரியும். அதற்கு எந்நேரமும் கோபம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கோபமாவது ஒன்றாவது! வாயைத் திறந்தால் சாப்பாடு போய்விடுமே என்ற கவலைதான்.

புலியால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடிந்தது. நம் ஆட்களால் முடிந்ததா? அதுதான் இல்லை. மலைக்குக் கீழே நெடும்பாறை என்று ஓர் ஊர். அந்த ஊர் ஆண்கள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கூட்டமாகக் காட்டுக்குள் போவார்கள். புதருக்குப் பின்னாலிருந்து மிளா தலையை நீட்டும். மிளா என்றால் மான் வகையில் பெரியது, மாடு உயரத்துக்கு நிற்கும். அப்போதெல்லாம் அதன் வால் தேங்காய்ப்பூ மாதிரி வெள்ளை. அது தலையை நீட்டி, "என்ன அண்ணாச்சி, சாப்டாச்சா?" என்று கேட்கும்.

இப்படிக் கேட்டால் என்ன செய்வது? சாப்டாச்சா என்று ஒருவர் கேட்க, பதில் சொல்லாமல் தாண்டிப் போகிற வழக்கம் நம்மிடம் உண்டா? "இல்லம்மா, இனிமேதான். நீ சாப்ட்டியா?" என்று ஒருவர் சொல்லித் தொலைத்துவிடுவார். அவர் துப்பாக்கி அன்றைக்கு வெறும் கம்புதான். மற்றவர்கள் சுடலாமே என்றால், அதற்குள் மிளா ஒவ்வொருவரையும் விசாரித்து முடித்திருக்கும். உங்க முழங்கால் வலி தேவலையா, கோவிச்சுட்டுப் போன மருமக வந்துட்டாளா என்று கேட்கக் கேட்க, இவர்களும் உட்கார்ந்து ஆதியோடந்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். சாயங்காலம் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து, உன்னால்தான் கெட்டது என்று ஒருவர்மேல் ஒருவர் பாய்வார்கள்.

அந்த ஊரில் கொம்பையா என்று ஒருவன் இருந்தான். பேசுவதற்குக் கூலி கேட்கிற ஆள் என்று ஊரே கேலி பண்ணும். கல்யாணப் பந்தியில் மாமனார் வந்து, "மாப்பிள்ளைக்குச் சாப்பாடு பிடிச்சுதா?" என்று ஆசையாகக் கேட்டபோது, பேசாமல் எழுந்து கை கழுவப் போனவன். மாமனார் முகம் சுண்டிப்போனது. ஆனால் அவனைக் கட்டிய உலகம்மைக்கு அவனைத் தெரியும். பேச மாட்டானே தவிர, அவளுக்குத் தலைவலி என்றால் அவன் ஒரு வாய் சோறு உண்ண மாட்டான்.

அந்த வருஷம் ஐப்பசி மழை பிடித்தது பிடித்ததுதான், விடவில்லை. தினை கதிரிலேயே முளைத்தது. அடுப்பு பற்றவைக்கக் காய்ந்த சுள்ளி இல்லை. அந்த மழைக்குள் உலகம்மை ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். பெற்றவள் எழுந்திருக்கவில்லை. பாலும் ஊறவில்லை. பிள்ளை அழுது அழுது குரல் தேய்ந்துபோயிற்று.

பேறு பார்த்த முப்பிடாதியக்கா கொம்பையாவை வாசலுக்கு அழைத்தாள்.

"ஏ கொம்பையா, சொல்றதக் கேட்டுக்கோ. அவ உடம்புல ஒண்ணுமே இல்ல, வெறும் கூடு. மிளா எலும்ப ஒடச்சு ரசம் வச்சுக் குடுத்தா எந்திச்சிருவா. இல்லாட்டி எனக்குச் சொல்லத் தெரியல, ஆமா."

கொம்பையா உள்ளே திரும்பினான். துப்பாக்கியை எடுத்தான். கூட வருகிறோம் என்று வந்தவர்களைக் கையாலேயே திருப்பி அனுப்பினான். ஊரில் மிளாவுக்குப் பதில் சொல்லாமல் வரக்கூடிய வாய் தன்னுடையது ஒன்றுதான் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். அதில் அவனுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. ஆனாலும் உள்ளே கிடப்பது உலகம்மை ஆயிற்றே. எதற்கும் இருக்கட்டும் என்று இலவம்பஞ்சை உருட்டி இரண்டு காதிலும் திணித்துக்கொண்டான். கேட்டால்தானே பதில் சொல்லத் தோன்றும்.

அது வாய் வழியாக நிரப்புகிற நாட்டுத் துப்பாக்கி. முதலில் குழாய்க்குள் வெடிமருந்து கொட்டவேண்டும், பிறகு தேங்காய் நாரை வைத்துக் கம்பியால் இடிக்கவேண்டும், குண்டைப் போட்டு மறுபடி நார் வைத்து இடிக்கவேண்டும். ஒரு தடவைக்கு ஒரு குண்டு. மருந்தில் ஈரம் பட்டால் அதுவும் போச்சு. கொம்பையா மருந்துக் குழலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். துப்பாக்கியின் வாயைத் தேக்கிலையால் மூடித் தரையைப் பார்க்கப் பிடித்துக்கொண்டான். நாரை மடியில் சொருகிக்கொண்டு மலை ஏறினான்.

காடு முழுக்க மழை. அட்டை முழங்கால் வரைக்கும் ஏறியது, அதைத் தட்டிவிடக்கூட அவன் நிற்கவில்லை. ஒரு சரிவில் மிளாவின் குளம்புத் தடம் தெரிந்தது. தடத்துக்குள் தண்ணீர் இன்னும் நிறையவில்லை. அப்படியென்றால் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு பெரிய நாவல் மரத்தடியில் அது மழைக்கு ஒதுங்கி நின்றது. நல்ல வளர்த்தியான பெண் மிளா.

அவனைப் பார்த்ததும் அது ஓடவில்லை. ஏன் ஓடவேண்டும்? மனுஷனைச் சமாளிக்கிற வித்தைதான் தெரியுமே. வாயை அசைத்தது. கொம்பையாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இலையைத் தட்டிவிட்டுத் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றினான். மிளா மறுபடி வாயை அசைத்தது. அவன் குறி பார்த்தான்.

சட்டென்று மிளாவின் முகம் மாறிப்போனது. வாலைத் தூக்கிக்கொண்டு கழுத்தை நீட்டிக் கத்தியது. அதுவும் அவனுக்குக் கேட்கவில்லை. அப்போது அது முன்னங்காலைத் தூக்கித் தரையில் ஓங்கித் தட்டியது. அந்தத் தட்டு ஈர மண் வழியாக வந்து கொம்பையாவின் வெறுங்காலில் இறங்கியது. என்ன இது என்று திரும்பினான்.

பின்னால் புலி. பாய்வதற்கு உடம்பைத் தாழ்த்திவிட்டது.

யோசிக்க ஏது நேரம்? மிளாவுக்கு வைத்திருந்த குண்டைப் புலிக்கு விட்டான். குண்டு அதன் காதைக் கிழித்துக்கொண்டு போனது. புலி ஓர் உறுமலோடு புதருக்குள் மறைந்தது. கொம்பையா பின்னால் சரிந்து சேற்றில் விழுந்தான். மடியில் இருந்த நாரும் சேற்றில் விழுந்து ஊறிப்போனது. புலி சுற்றிக்கொண்டு வருகிறதா என்று கேட்கவேண்டுமே என்று காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கினான்.

அப்போதுதான் மிளாவின் குரல் கேட்டது.

"நல்ல ஆளு அண்ணாச்சி நீங்க! நான் தொண்ட கிழியக் கத்துறேன், காதுல என்ன வச்சிருந்தீக? அதான் காலால தட்டுனேன். அடி எதும் படலியே?"

கொம்பையா பேசவில்லை.

"பயந்துட்டீக. இருக்கட்டும், மெதுவா எந்திங்க. அது திரும்ப வரும், எனக்கு அதோட புத்தி தெரியும். நீங்க மருந்த நெறைங்க. நான் அந்தப் பக்கம் பாத்துக்கிடுதேன்."

சொல்லிவிட்டு அவன் பக்கத்தில் வந்து, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, புலி போன திசையைப் பார்த்து நின்றது. வெள்ளை வால் மேலே தூக்கியிருந்தது. கை நீட்டினால் தொட்டுவிடலாம்.

கொம்பையா மருந்தைக் கொட்டினான். அடைக்க நார் இல்லை. கையில் பஞ்சு இருந்தது. அதைப் பிய்த்துக் குழாய்க்குள் போட்டு இடித்தான்.

மிளா திரும்பாமலே பேசிக்கொண்டிருந்தது. "மைனா சொல்லிச்சு, பொம்பளப் பிள்ளையாமே! மயினி சாயலா, ஒங்க சாயலா? ஒங்க சாயலா இருந்தா அதுவும் பேசாது போங்க."

குண்டைப் போட்டான். மீதிப் பஞ்சை வைத்து இடித்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் மாதிரி இல்ல தாயி, அவ அம்மா மாதிரி மூக்கு, அவ அம்மாதான் எந்திக்கல என்று சொல்லிவிடலாம்போல இருந்தது. பிறந்ததிலிருந்து அவனுக்குப் பேசவேண்டும் என்று அவ்வளவு ஆசை வந்தது அன்றைக்குத்தான். ஆனால் ஒரு வார்த்தை வெளியே வந்தால் மிளா பிழைத்துவிடும், உலகம்மை போய்விடுவாள். பல்லைக் கடித்துக்கொண்டான்.

"மயினி தேறிட்டாங்களா?" என்றது மிளா. அப்புறம், வழக்கமாகக் கேட்பதைக் கேட்டது. "நீங்க சாப்டாச்சா அண்ணாச்சி?"

கொம்பையா அந்த முதுகைப் பார்த்துத் துப்பாக்கியைத் தூக்கினான்.

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பெண்டாட்டி சாகக் கிடக்கிறவனுக்கு நான் என்ன புத்தி சொல்வது? ஆனால் தனக்குக் காவல் நிற்கிறவளை முதுகில் சுடுவதை நியாயம் என்றும் சொல்ல மாட்டேன். சட்டப்படி பார்த்தால் அவன்மேல் குற்றமே இல்லை. அவன்தான் பேசவில்லையே.

விசையை அழுத்தினான். காதில் இருந்தபோதே மழையில் ஊறிய பஞ்சு அது. மருந்து ஈரம் வாங்கிவிட்டது. துப்பாக்கி வெடிக்கவில்லை, "புஸ்ஸ்..." என்று சீறியது. குண்டு வாயிலிருந்து உருண்டு சேற்றில் விழுந்தது. நெருப்பும் கரியும் மட்டும் பாய்ந்து தூக்கியிருந்த வாலில் அடித்தன. தேங்காய்ப்பூ மாதிரி இருந்த வால் பொசுங்கிக் கரிக்கட்டையாயிற்று.

மிளா திரும்பிப் பார்த்தது. வாலைப் பார்த்தது, துப்பாக்கியைப் பார்த்தது. அதற்கு நம்பவே முடியவில்லை.

"ஒரு வார்த்தைதான அண்ணாச்சி கேட்டேன்," என்றது. பிறகு ஓடியது.

பொழுது அடைவதற்குள் செய்தி காடு முழுக்கப் பரவிவிட்டது. யானை, கரடி, குரங்கு, மைனா எல்லாரும் கூடினார்கள். புலிகூட வந்தது, கிழிந்த காதோடு. சட்டம் மீறியவனைத் தண்டிக்கலாம், மீறாமலே இப்படிச் செய்கிறவனை என்ன பண்ணுவது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் யானைதான் சொல்லிற்று: "இந்த மனுஷங்கிட்டப் பேசி என்ன கண்டோம்? இனிமே பேச்சே வேண்டாம்." அதோடு காடு வாயை மூடிக்கொண்டது. பேசாமலே இருந்ததில் பேச்சு ஒரே ராத்திரியில் மறந்தும் போயிற்று.

கொம்பையா வெறுங்கையோடு வீடு வந்தான். உள்ளே போகக் கால் வரவில்லை. எட்டிப் பார்த்தால், உலகம்மை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள்! கையில் கிண்ணம். மடியில் பிள்ளை சப்புக்கொட்டிக்கொண்டு பால் குடிக்கிறது.

"நீ வாரதுக்கு நேரமாச்சுன்னு வயல்ல நண்டு பிடிச்சு ரசம் வச்சேன்," என்றாள் முப்பிடாதியக்கா. "மழைக்கு வரப்பு பூராவும் நண்டுதான். ஒரு கிண்ணம் உள்ள போச்சு, எந்திச்சு உக்காந்துட்டா. இது எனக்குக் காலையிலேயே தோணிருந்தா நீ அலைஞ்சிருக்க வேண்டாம்."

நண்டு வந்துவிட்டது, பார்த்தீர்களா? வரப்பிலேயே இருந்திருக்கிறது. அது பேசாத ஜீவன், அதனிடம் யாருக்கும் ஒரு சங்கடமும் இல்லை.

உலகம்மை புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். "முகமெல்லாம் கரியா இருக்கு. சாப்டாச்சா?" என்று கேட்டாள்.

அவன் அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"ஆச்சு," என்றான்.

சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதான். ஊரில் யாரும் அவன் அழுது பார்த்ததில்லை. நடந்ததையெல்லாம் சொன்னான். அவ்வளவு நீளமாக அவன் பேசியும் யாரும் பார்த்ததில்லை. உலகம்மை கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். "போய்ப் பதில் சொல்லிட்டு வாரும்," என்றாள்.

மறுநாள் துப்பாக்கி இல்லாமல் போனான். நாவல் மரத்தடியில் நின்று, "ஆச்சு தாயி, சாப்டாச்சு! மயினி எந்திச்சுட்டா! நீ சாப்ட்டியா?" என்று கத்தினான். மைனா பறந்தது, பேசவில்லை. குரங்கு பார்த்தது, பேசவில்லை. வெகுநேரம் கழித்துச் சரிவில் மிளா வந்து நின்றது. கரிய வாலைத் தூக்கிற்று, முன்னங்காலைத் தரையில் தட்டிற்று. பழைய கேள்வியைக் கேட்க வாயைத் திறந்தது. "டாங்!" என்ற ஒரு சத்தம்தான் வந்தது. "ஆச்சு தாயி, ஆச்சு!" என்று அவன் சொன்னான். அதற்கு மனுஷப் பேச்சு புரியவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு ஓடிவிட்டது.

அதற்கப்புறம் கொம்பையா, ஊரில் யார் "சாப்டாச்சா" என்று கேட்டாலும், சாப்பிட்டானோ இல்லையோ, கேட்ட வாய் மூடுவதற்குள் "ஆச்சு" என்று சொல்லிவிடுவான். ஊரும் அதைப் பார்த்துப் பழகிக்கொண்டது. நீங்களும் நானும் பட்டினி வயிற்றோடு அப்படித்தானே சொல்கிறோம்.

மிளாவின் வால் கறுத்ததும் அன்று முதல்தான். மனுஷ வாடை பட்டால் மற்ற மிருகமெல்லாம் எடுத்தேன் பிடித்தேன் என்று ஓடும். மிளா மட்டும் அந்தக் கறுப்பு வாலைத் தூக்கி, தரையில் ஒரு தட்டுத் தட்டி, "டாங்" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு, யாராவது பதில் சொல்வார்களா என்று ஒரு நிமிஷம் நிற்கும். துப்பாக்கி வைத்திருக்கிறவன் எல்லாரும் அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறான்.