குட்டை வால்காரர்களின் நீச்சல்

மலையடிவாரக் காட்டில் ஓர் ஏரி இருந்தது. மழைக்காலத்தில் அது கரையை உடைத்துக்கொண்டு காட்டுக்குள் பாயும். நீந்தத் தெரியாத பிராணிகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும்.

ஏரியில் வாழ்ந்த நீர்நாய்க்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுக்கவில்லை. "காடு முழுக்க நீச்சல் சொல்லித் தரப் போகிறேன். யாரும் எதுவும் தர வேண்டாம்!" என்றது.

எல்லோரும் ஏரிக்கு வர முடியாதே? அதனால் கிளிகளைக் கூப்பிட்டுப் பாடத்தைச் சொன்னது. கிளிகள் மூலைக்கொன்றாகப் பறந்துபோய் அதை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தன.

காடே மகிழ்ந்தது. ஏரியைக் கண்ணால்கூடப் பார்த்திராத முள்ளம்பன்றி, தன் வளை வாசலில் உட்கார்ந்தபடியே பாடம் கேட்டது. முதல் நாள் கிளி உட்கார்ந்த மரத்தடியில் நிற்க இடமில்லை.

"முன்னங்கால்களால் தண்ணீரைத் தள்ளு! வாலைத் துடுப்பாக வீசு!" என்றது கிளி.

முள்ளம்பன்றி திரும்பித் தன் வாலைப் பார்த்தது. "கிளியண்ணா, என் வால் குட்டையாச்சே! நான் என்ன செய்வது?"

"முன்னங்கால்களால் தண்ணீரைத் தள்ளு! வாலைத் துடுப்பாக வீசு!" என்றது கிளி மறுபடியும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நாளுக்கு நாள் கூட்டம் கரைந்தது. இரை தேடப் போனவை பாடத்துக்குத் திரும்பி வரவில்லை. வந்தவற்றில் சில தூங்கிவிட்டன. முயல் மட்டும் ஒரு பாடம் விடாமல் கேட்டது.

"வா, பக்கத்துக் குட்டைத் தண்ணீரில் இறங்கிப் பார்ப்போம்!" என்று அதைக் கூப்பிட்டது முள்ளம்பன்றி.

"எதற்கு? எனக்குத்தான் எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டதே!"

முள்ளம்பன்றி சருகுமான் என்ற சின்னஞ்சிறு மானைத் தேடிப் போனது. அதற்கும் குட்டை வால்தான். இரண்டும் குட்டையில் இறங்கின. மூழ்கின, தண்ணீர் குடித்தன, ஒன்றையொன்று கரைக்கு இழுத்துப் போட்டன.

"பின்னங்காலை உதைத்துப் பார்!" என்று கத்தியது சருகுமான். "அப்படித்தான்! மிதக்கிறாய்!"

அந்த ஆண்டு மழைக்காலத்திலும் ஏரி கரையை உடைத்தது. "வாலைத் துடுப்பாக..." என்று சொல்லிக்கொண்டே முயல் வெள்ளத்தில் மூழ்கியது. நண்பர்கள் இருவரும் அதை நோக்கி நீந்தினார்கள்.

"என் முள்ளைத் தொடாதே! சருகுமானின் கழுத்தைப் பிடி!" என்றது முள்ளம்பன்றி. மூவரும் தட்டுத்தடுமாறி மேட்டில் ஏறினார்கள்.

வெள்ளம் வடிந்ததும் முள்ளம்பன்றி ஏரிக்கு நடந்துபோய் நடந்ததைச் சொன்னது.

நீர்நாய் திகைத்தது. "குட்டை வால்காரர்களை நான் நினைக்கவே இல்லையே! யார் என்ன கேட்டார்கள் என்று கிளிகளிடம் விசாரிக்கவும் இல்லையே!"

அடுத்த கோடையில் கிளிகள் பாடத்தோடு போய்க் கேள்விகளோடு திரும்பின. ஒவ்வொரு குட்டையிலும் சேர்ந்து பழக ஒரு கூட்டம் உண்டானது. பாதியில் நின்றவர்கள் அப்போதும் இருந்தார்கள். ஆனால் முயல் நடுங்கிக்கொண்டே தண்ணீரில் இறங்கியது.

பாடம் இலவசமாக வீடு தேடி வந்தாலும், இறங்கிப் பழகும் துணிவும் கூடப் பழகும் துணையும் இருந்தால்தான் அது கல்வியாகும்.