குளத்துக்குள் இறங்கிய ராஜபாட்டை

மலைக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த நேரூர்ச் சீமையைத் திருமலைக்கொழுந்து என்றொரு ராஜா ஆண்டுவந்த காலம். எவ்வளவு காலத்துக்கு முன்னால் என்று கேட்காதீர்கள். அப்போது காக்கைகூட இன்னும் கறுத்திருக்கவில்லை. ராஜா நல்லவர்தான். ஆனால் வளைந்த பொருள் எதுவும் அவருக்கு ஆகாது. முறுக்கு சாப்பிட மாட்டார். கொம்பு வளைந்த கடா எதிரே வந்தால் குதிரையைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். அப்படிப்பட்டவர் ஒரு நாள், அரண்மனை வாசலிலிருந்து கடற்கரை வரைக்கும் ஒரு ராஜபாட்டை வேண்டும், அது இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார்.

கோடு பிடிக்கும் வேலை அளவுக்காரன் சடையாண்டிக்கு வந்தது. அவன் மூன்று கழிகளைத் தள்ளித் தள்ளி நட்டு, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பான். மூன்றும் ஒரே கழியாகத் தெரிந்தால் கோடு நேர். அங்கே ஒரு முளைக்குச்சி அடிப்பான். இப்படி நாற்பதாவது முளைக்கு வந்தபோதுதான் வில்லங்கம். கோடு நேராகப் போய், பிரதானி கனகசபேசர் புதிதாகக் கட்டிய மாளிகையின் கூடத்துக்குள் நுழைந்தது.

பிரதானி ஆள் அனுப்பி, கோட்டைக் கொஞ்சம் வளைக்கும்படி இதமாகச் சொல்லிப் பார்த்தார். கயிற்றுக்கு யார் வீடு என்று தெரியாது, ஐயா மன்னிக்க வேண்டும் என்று பதில் வந்தது.

மறுநாள் சடையாண்டி கஞ்சி குடிக்கப் போன நேரத்தில், மாளிகைக்கு முன்னாலிருந்த ஆறு முளைகளைப் பிரதானியின் ஆட்கள் பிடுங்கினார்கள். பழைய இடத்தில் ஏர் ஓட்டித் தடத்தை மறைத்துவிட்டு, முளைகளை வேறு பக்கம் நட்டார்கள். இப்போது கோடு மாளிகையைச் சுற்றிக்கொண்டு போய், ராஜா நீராடும் தாமரைக் குளத்துக்குள் இறங்கியது. மாளிகை தப்பும், சடையாண்டி தொலைவான், அவன் வேலைக்கு மைத்துனனைக் கொண்டுவரலாம் என்று பிரதானிக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி.

ராஜா வந்து பார்த்தார். கண்ணிரண்டும் சிவந்துவிட்டன.

"கடலுக்கு வழி கேட்டேன். நடுவில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டுப் போகச் சொல்கிறாயா?"

"யாரோ முளையை நகர்த்தியிருக்கிறார்கள், மகாராஜா."

"குச்சிக்குக் கால் இருக்கிறதாக்கும், எழுந்து நடக்க" என்றார் பிரதானி.

நாளை உச்சிப்பொழுதுக்குள் நிரூபிக்க வேண்டும், இல்லையென்றால் அளவுகோலை ஒடித்துவிட்டு ஆயுசுக்கும் இதே பாட்டையில் கல் உடைக்க வேண்டும் என்று ராஜா தீர்ப்புச் சொன்னார்.

தொழில் ரகசியம் ஒன்று உண்டு, கூட்டம் விலகினால் சொல்கிறேன் என்றான் சடையாண்டி. எல்லோரும் தள்ளிப் போனார்கள். பிரதானி மட்டும் நகரவில்லை. ஐயா பெரியவர், அவர் இருக்கட்டும் என்று சடையாண்டியே சொல்லிவிட்டான்.

"மகாராஜா, முளைக்குச்சியைக் கரையான் தின்னும், மாடு முட்டும். அதனால் அளவுக்காரர்கள் முளைக்குக் கீழே ஒரு கைப்பிடி அடுப்புக்கரி போட்டு வைப்பது வழக்கம். கரி மக்காது. நாளைக்குக் குளத்துப் பக்கம் போகிற அந்த ஆறு முளைகளையும் தோண்டிப் பாருங்கள். கரி இல்லையென்றால் அவை நான் அடித்த இடத்தில் இல்லை. அதுவரைக்கும் என்னை உங்கள் கண்ணெதிரே வைத்துக்கொள்ளுங்கள். நான் போய் எதையோ செய்துவிட்டேன் என்று பேச்சு வரக்கூடாது பாருங்கள்."

அப்படியே ஆனது. ராஜாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் ஐந்து கிண்ணம் பாயசம் குடித்தான். நாளைக்குக் கல் உடைக்கப்போகிறவன் இப்படிக் குடிக்கிறானே என்று ராஜாவுக்கே வியப்பு.

விடிந்தது. தோண்டினார்கள். முதல் முளைக்கு அடியில் கரி. இரண்டாவதிலும் கரி. ஆறிலும் கரி.

"இவனே சொன்ன சாட்சி, மகாராஜா" என்றார் பிரதானி. சிரிப்பை மீசைக்குள் ஒளித்துவைக்க முடியவில்லை.

ராஜா அளவுகோலை எடுத்து முழங்காலில் வைத்து ஒடிக்கப் போனார்.

"ஒரு நிமிஷம் மகாராஜா" என்றான் சடையாண்டி. "கரி போடுவது மற்ற அளவுக்காரர்கள் வழக்கம். என் வீட்டில் கரி மிஞ்சினால்தானே? அத்தனையையும் பெண்டாட்டி பல் தேய்க்க எடுத்துவைத்துவிடுகிறாள். நான் போடுவது கிளிஞ்சல்."

யாரும் தொடாத பழைய முளை ஒன்றைத் தோண்டச் சொன்னான். கிளிஞ்சல் இருந்தது. அடுத்ததிலும் கிளிஞ்சல். பிறகு கழி நட்டு, ஒற்றைக் கண்ணை மூடி, ஏர் ஓட்டிய மண்ணில் ஆறு இடம் காட்டினான். ஆறிலும் வெள்ளை வெளேரென்று கிளிஞ்சல்.

ராஜா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"கரி தேடித் தோண்டப்போவது தெரிந்தவர்கள் மூன்று பேர். நான் கரியைத் தொடவில்லை. இவன் என் பக்கத்தில் பாயசம் குடித்துக்கொண்டிருந்தான்."

மூன்றாவது விரலை மடக்காமல் பிரதானியைப் பார்த்தார். பிரதானி கிளிஞ்சலையே பார்த்துக்கொண்டு நின்றார், இதுவரை கிளிஞ்சலே கண்டிராதவர் மாதிரி.

மாளிகைக் கூடம் வழியாகவே பாட்டை போகட்டும் என்று உத்தரவானது. சடையாண்டிக்கு முத்துமாலையை நீட்டி, வேறு என்ன வேண்டும் என்று ராஜா கேட்டார்.

"மாலை இருக்கட்டும், மகாராஜா. கடல் வரைக்கும் கழி பிடிக்க ஒரு ஆள் வேண்டும். பிரதானி ஐயாவின் சிவப்புத் தலைப்பாகை காத தூரத்துக்குப் பளிச்சென்று தெரிகிறது."

அன்றிலிருந்து பிரதானி வெயிலில் கழியைப் பிடித்து நிற்க, எதிர்ப்பக்கம் நிழலில் உட்கார்ந்து சடையாண்டி ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டான். "இடப்பக்கம் ஒரு விரல், ஐயா. அது அதிகம். வலப்பக்கம் அரை விரல். மூச்சு விடாதீர்கள், கழி ஆடுகிறது."

பத்து நாள் வேலை நாற்பது நாள் ஆனது. ஏன் தாமதம் என்று ராஜா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரே தினமும் குடை பிடித்துக்கொண்டு வந்து வேடிக்கை பார்த்தார். ஒரு வழியாகப் பாட்டை கடலைத் தொட்டது. நானும் இங்கேயே நின்றுகொள்கிறேன், இதற்கு மேல் போனால் கால் நனையும்.