பச்சை இலையும் பவரான வேரும்

மழை பிடித்தால் லேசில் விடாத ஒரு காட்டில் கரடியார் என்றொரு வைத்தியர் இருந்தார். நன்றாகப் படித்தவர். ஆனால் யாராவது முகம் கோணினால் அவருக்குத் தாங்காது.

அவரிடம் ஒரு கசப்பு வேர் இருந்தது. நெஞ்சில் கிருமி புகுந்து மூச்சு முட்டுகிறவர்களைப் பிழைக்க வைக்கும் வேர். அந்தக் காட்டில் அதற்கு மாற்று கிடையாது. கூடவே ஒரு கொடியின் இலையும் வைத்திருந்தார். இருமுகிறவர் அதில் எச்சில் துப்பினால் போதும். கிருமி இருந்தால் இலை சிவக்கும். வெறும் சளி என்றால் பச்சையாகவே இருக்கும். வெற்றிலை மென்று துப்புகிற நேரத்தில் விஷயம் தெரிந்துவிடும்.

ஒருநாள் மயில் இருமிக்கொண்டே வந்தது. கரடியார் இலையில் துப்பச் சொன்னார். இலை பச்சையாகவே இருந்தது.

"சாதாரண சளிதான் தம்பி. வெந்நீர் குடி, ரெஸ்ட் எடு, தானா போயிடும்."

மயில் தோகையைச் சிலிர்த்துக்கொண்டது. "வெந்நீர் குடிக்கவா இவ்வளவு தூரம் நடந்து வந்தேன்? நல்லா பவரா ஒண்ணு குடுங்க. இல்லேன்னா நரி வைத்தியர்கிட்ட போறேன். துப்பு, கிப்புன்னு அவரு உயிரை வாங்க மாட்டாரு."

முகம் கோணிவிட்டதே! கரடியார் பச்சை இலையை ஓரமாகத் தள்ளினார். வேரை எடுத்து நீட்டினார். தானாகப் போக வேண்டிய சளி தானாகப் போயிற்று. பெயரை வேர் தட்டிக்கொண்டது.

"கரடியார் வேருன்னா வேருதான்!" என்று மயில் காடு முழுக்க அகவியது.

அப்புறம் கேட்பானேன், பிள்ளைகளே! தும்மிய முயலுக்கு வேர். தொண்டை கட்டிய குயிலுக்கு வேர். விக்கல் எடுத்த குரங்குக்குக்கூட வேர். அந்தக் குரங்கு பாதியைத் தின்றுவிட்டு, மீதியை மரப்பொந்தில் ஒளித்து வைத்தது. அடுத்த விக்கலுக்காம்! அருமையான அந்த இலைகளிலோ கரடியார் பலாச்சுளை வைத்துத் தின்றார்.

வயிற்றிலும் தோலிலும் சும்மா ஒதுங்கிக் கிடந்த கிருமிகள் காடெங்கும் வேரை ருசி பார்த்தன. முதலில் செத்தன. பிழைத்தவை பழகிக்கொண்டன.

அடுத்த மழைக்குக் கரடியாரின் செல்ல மகளுக்கு மூச்சு முட்டியது. ஓர் இலையைத் தேடி எடுத்துத் துப்ப வைத்தார். இலை சிவந்தது. வேரை அரைத்துக் கொடுத்தார். காய்ச்சல் இறங்கவில்லை. இன்னொரு வேரை அரைத்துக் கொடுத்தார்.

குட்டியின் நெஞ்சுக்குள்ளிருந்து கிருமிகள் சிரித்தன. "வாங்க வைத்தியரே! மறுபடியும் இதே பலகாரமா? மயிலு வீட்டுலயும் இதுதான், குரங்கு வீட்டுலயும் இதுதான். நாக்கே மரத்துப் போச்சு!"

விசாரிக்க வந்த மயில் வாசலில் நின்று கழுத்தை நீட்டியது. "என்ன கரடியாரே, சும்மா பார்த்துக்கிட்டு இருக்கீங்க? நல்லா பவரா ஒண்ணு குடுங்க!"

"இருந்த பவரை எல்லாம் உன் சளிக்குக் குடுத்துத் தொலைச்சேனேடா!" என்று கரடியார் கதறினார்.

மழை விடுவதற்குள் குட்டி அவர் மடியிலேயே செத்துப்போனது.

மயிலும் அழுதது. அழுததில் மூக்கு ஒழுகியது. ஐயோ, மூக்கு ஒழுகுகிறதே என்று பதறிப்போய், பவரான வேர் கேட்டு நேராக நரி வைத்தியர் வீட்டுக்கு நடந்தது.

நீதி: சோதித்துப் பாராமல் கேட்டவருக்கெல்லாம் கொடுத்த மருந்து, உயிருக்குப் போராடுகிறவருக்கு உதவாது.