வீரணன் வீட்டு அடுப்படிக்குத் துத்தநாகத் தகடு

கொட்டாவிப்பட்டியில் வீரணன், மொக்கையன், சடையன் என்று அண்ணன் தம்பி மூன்று பேர். யார் என்ன சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். அதுதான் வினை.

பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த வீரணன் மனைவி காசியம்மாள் போனில் சொன்னாள்: "வெள்ளிக்கிழமை பிள்ளையோட வர்றேன். அடுப்படி மேடையில வெடிப்பு பூரா எறும்பு. துத்தநாகத் தகடு வாங்கி ஒட்டி வைங்க. இல்லேன்னா நான் எங்கம்மா வீட்டுலயே இருந்துக்கறேன்."

வீரணன் பிள்ளை முகத்தை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தான். போனை வைத்ததுமே தம்பிகளோடு டவுனுக்கு பஸ் ஏறினான்.

கடைக்காரர் ரெண்டு தகடு வெட்டிக் கொடுத்துப் பொறுமையாகச் சொன்னார். "பசை தடவி, தகட்டைப் பதிச்சு, மேலே ஒரு ஆள் கனம் ஏத்தி, ஒரு நாள் பூரா அசையாம விடுங்க. புளி மட்டும் படக்கூடாது. பட்டா கறுத்துப்போகும்."

வியாழக்கிழமை காலையில் தகட்டைப் பதித்தார்கள். பிறகு ஆலோசனை நடந்தது.

"ஒரு ஆள் கனம் எதுக்கு இருக்கும்?" என்றான் மொக்கையன்.

"ஒரு ஆளுக்குத்தான் இருக்கும்," என்றான் சடையன்.

"அப்ப நீ ஏறு."

"புளிக்குழம்பு சாப்பிட்டிருக்கேனே. புளி உள்ள இருக்கு."

"உள்ள இருக்கிறது எப்படிப் படும்?"

"ஏப்பம் வந்தா?"

மொக்கையன் தன் வாயைப் பொத்திக்கொண்டான். அவனும் அதே குழம்பை ரெண்டு தடவை ஊற்றிக்கொண்டவன். கம்மங்கூழ் மட்டும் குடித்திருந்த வீரணன் மேடையில் ஏறி, ரெண்டு தகடும் சேரும் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

மூக்கில் ஈ உட்கார்ந்தது. அவன் அசையவில்லை. தம்பிகள் சோறு ஊட்டினார்கள், விசிறினார்கள். தபால்காரர் வந்து வீரணனிடம் கையெழுத்துக் கேட்டபோது, "அண்ணன் இன்னும் காயலை, நாளைக்கு வாங்க" என்று மொக்கையன் அனுப்பிவைத்தான்.

மறுநாள் காசியம்மாள் வந்தாள். பிள்ளையை வாங்க எழப் பார்த்த வீரணனால் முடியவில்லை. இடுக்கு வழியாகப் பிதுங்கிய பசை வேட்டியைப் பிடித்திருந்தது. காசியம்மாள் பிள்ளையை அவன் மடியில் வைத்தாள். அது மீசையைப் பிடித்து இழுத்தது. அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. வலியிலா, வேறு எதிலா என்று அவனுக்கே தெரியவில்லை.

கத்தரிக்கோலால் வேட்டியை வெட்டி அவனை இறக்கினாள். தகடு நன்றாகவே ஒட்டியிருந்தது. நடுவில் மட்டும் ஒரு முழத்துக்கு வேட்டித் துணி.

"பிள்ளையைத் தூங்க வெச்சுட்டு வர்றேன். அதுக்குள்ள இந்தத் துணியைத் தண்ணியில நல்லா ஊற வைங்க, உரிஞ்சு வந்துரும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூவரும் துணியைச் சுற்றி நின்று யோசித்தார்கள்.

"துணி தண்ணிக்குப் போகாது," என்றான் வீரணன் கடைசியில். "தண்ணிதான் துணிகிட்ட வரணும்."

பிரயாண அலுப்பில் கண்ணயர்ந்துவிட்ட காசியம்மாள் சாயங்காலம் பிள்ளையோடு வந்தாள். அடுப்படி வாசலில் இடுப்பளவுக்குக் களிமண் கரை எழும்பியிருந்தது. எட்டிப் பார்த்தாள். உள்ளே முட்டளவு தண்ணீர். இட்லிக் கொப்பரை மிதந்துகொண்டிருந்தது. தம்பிகள் ஜன்னல் வழியாகக் குடம் குடமாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் ரெண்டு சாண்தான் மதினி," என்றான் சடையன்.

தண்ணீருக்குள் நின்றிருந்த வீரணன் பதறிப்போய்க் கையை நீட்டித் தடுத்தான்.

"பிள்ளையை வெச்சுக்கிட்டு அங்கேயே நில்லு. இங்க ஆழம்."